நாற்பதாம் நாள் அழைப்பு

“அக்காகிட்ட நானே கேக்குறேன் சுமையா. நீ வாயத் தொறந்துறாத.”

“மூணு வருசமா இதத்தான் சொல்றீக. எப்பக் கேப்பீக?”

“அக்காவோட சின்ன மகளுக்கு நிக்காஹ் முடியட்டும். எங்கக்கா கல்யாணமாகாத குமர வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கையில நான் எப்படிக் கேக்க?”

கேட்காமலேயே போய்விட்டார் சேக் பரீத். வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு.

இப்போது அந்த அக்கா ஜன்னத், உத்தமபாளையத்தில் சுமையாவின் வீடு தேடி வந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை தம்பிக்கு நாப்பதாம் நாள் பாத்திஹா. கம்பத்துக்கு நீ அவசியம் வரணும்மா.”

“வர முடியாதுக்கா.”

“என்னம்மா இப்படிச் சொல்ற? எட்டு வருசம் ஒரே பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவுக. நமக்குச் சொந்தக்காரப் பிள்ளை வேற. ஒரு கல்யாணங்கூடப் பாக்காமப் போனவனுக்கு வந்து துவாச் செய்யக் கூடாதா?”

“வெளிய வரக் கூடாதுக்கா. இத்தாவுல இருக்கேன்.”

ஜன்னத் திகைத்தாள். புருசனைப் பறிகொடுத்தவள் அல்லவா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள்?

“உனக்குத்தான் கல்யாணமே ஆகலையேம்மா.”

சுமையா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வண்டிப்பெரியாறு பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவு. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. மணமகன் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து.

“எங்கத்தா கடைசிப் படுக்கையில மக நிக்காஹப் பாத்துரணும்னு ஆசப்பட்டாக. உங்களுக்குப் பயந்துதான் வெளிய சொல்லல.”

ஜன்னத் அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவுக கேக்காம விட்டத நானே கேக்குறேன்க்கா. இத்தாவப் புருசன் வீட்டுலதான் இருக்கணும்பாக. என்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீகளா?”