முதலில் ஏறும் சரக்கு

பெட்டி காலியாக இருந்தது. அதன் முன்னால் நின்று துலுக்கானம் கத்திக்கொண்டிருந்தான்.

சின்னப் பெட்டியில்லை. ஒரு குடும்பமே குடியிருக்கலாம், அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி. ரயில்வேக்காரர்கள் அதை டிரெய்லரில் ஏற்றி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். இங்கே சரக்கை அடுக்கிச் சீல் வைத்துவிட்டால், கூட்ஸ் ஷெட்டில் கிரேன் அதை அப்படியே தூக்கி வேகன்மேல் வைக்கும். பெங்களூரில் இன்னொரு வண்டி அதை வாங்கிப்போய் வாசலில் இறக்கும். நடுவில் ஒரு பயல் கை சரக்கின்மேல் படாது.

அதற்காகத்தான் துலுக்கானம் மாசக்கணக்கில் நாயாய் அலைந்தான்.

லாரி ஆபீஸ்காரன் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமா? பூந்தமல்லியில் ஒரு தடவை இறக்கி ஏற்றுவான். வேலூரில் இன்னொரு தடவை. பெங்களூர் போய்ச் சேரும்போது துலுக்கானத்தின் வார்ப்பு பம்புகளில் பாதிக்குப் பாதி விரிசல் விட்டிருக்கும். கேட்டால், வேறு லாரி பார்த்துக்கொள் என்பான். எஸ்டேட்டில் வேறு லாரி ஏது?

பம்பு வாங்கும் பெங்களூர்க்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் பம்பு உடைந்து வந்தாலோ, தாமதமாக வந்தாலோ, இனி கோயம்புத்தூர் சரக்குதான். அப்புறம் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட வேண்டியதுதான்.

தனியாக ஒரு பெட்டியை நிரப்ப அவனுக்குச் சரக்கு இல்லை. அதனால் மூன்று பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கம்பி வலை பின்னும் பால்ராஜ், போல்ட்டு போடும் திருவேங்கடம், புருஷன் செத்த பிறகு கட்டில் பட்டறையைத் தானே நடத்தும் சொர்ணம். ஊர் கூடித் தேர் இழுப்போம் என்று மேனாம்பேடு டீக்கடையில் நாலு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

யார் சரக்கு முதலில் ஏறும் என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

முதலில் ஏறுவது பெட்டியின் கோடிக்குப் போகும். கடைசியில் ஏறுவதுதான் பெங்களூரில் முதலில் இறங்கும், முதலில் கடைக்குப் போகும். எஸ்டேட்டில் இது தெரியாத ஆள் கிடையாது.

இப்போது பொழுது சாய்கிறது. ஒருத்தரையும் காணோம்.

சொர்ணம், கட்டிலுக்கு அடித்த பெயின்ட் காயவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினாள். இந்த வெயிலில் காயாத பெயின்ட் எந்த ஊர் பெயின்ட்? திருவேங்கடம் வண்டி மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டதாம். பால்ராஜ் சைக்கிளில் இரண்டு தடவை வந்தான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். சரக்கு வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான்.

எட்டிப் பார்த்தானே, அதை நினைத்தால்தான் துலுக்கானத்துக்கு வயிறு எரிந்தது. யார் முதலில் ஏமாறுகிறான் என்று பார்க்க வந்திருக்கிறான் துரோகி. இவர்களை நம்பித் தெருவில் இறங்கிய தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று பெட்டியின் கதவை ஓங்கி ஒரு குத்து விட்டான். கை வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்து மூன்று பேரையும் திட்டினான்.

டிரெய்லர் ஓட்டி வந்த செபாஸ்டியன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். கிரேன்காரர்கள் போய்விடுவார்கள், இனி நிற்க முடியாது என்று முன்பே இரண்டு தடவை சொல்லிவிட்டான். இன்றைக்குப் பெட்டி காலியாகத் திரும்பினால் இந்தப் பக்கம் மறுபடி வராது என்பதையும் சொல்லிவிட்டான்.

"மத்தியானத்திலருந்து கத்திகினே கீற அண்ணாத்தே," என்றான் செபாஸ்டியன். "அந்தச் சந்துல புளியமரத்தாண்ட தார்பாய் போட்டு நிக்குதே, அது உன் வண்டிதானே? அத்த இட்டாந்து ஏத்த வேண்டியதுதானே?"

துலுக்கானத்தின் முகம் செத்துப்போனது. ஆனால் ஒரு நொடிதான். கோபம் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது.

"நான் மட்டும் இன்னா இளிச்சவாயனா?"

செபாஸ்டியன் கதவுகளை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டான். காலிப் பெட்டி தடதடவென்று எஸ்டேட் ரோட்டைத் தாண்டும்வரை துலுக்கானம் அதன் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே நின்றான்.

பிறகு சந்துக்குப் போனான். போட்ட வைக்கோல் அத்தனையும் தின்று தீர்த்துவிட்டு மாடுகள் படுத்திருந்தன. அவற்றை உதைத்து எழுப்பி, வண்டியைப் பூட்டச் சொன்னான். எங்கே என்று வண்டிக்காரன் கேட்டதற்கு, வேறு எங்கே என்று எரிந்து விழுந்தான்.

லாரி ஆபீஸ் வாசலில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றன.

சொர்ணத்தின் கட்டில்கள் காய்ந்து பளபளத்தன. திருவேங்கடத்தின் மாடுகள் நாலு காலிலும் லாடத்தோடு நின்றன. பால்ராஜ் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லாரி ஆபீஸ்காரன் வெளியே வந்து வண்டிகளை ஒரு நோட்டம் விட்டான். சிரிக்கக்கூட இல்லை. முதல் மூன்று வண்டிக்குத்தான் லாரியில் இடம், பின்னால் நிற்பது நாளைக்கு வரட்டும் என்றான்.

மத்தியானத்திலிருந்து ஆசைப்பட்டபடியே, துலுக்கானத்தின் வண்டிதான் கடைசி.