வெந்நீர் ஊற்றிய கீரை

“தண்ணி ஊத்த மறந்தாலும் இது கோவிச்சுக்காதுங்க. பிடுங்கி எறிஞ்சாலும் விழுந்த இடத்துல வேர் விட்டுடும்.”

“அவ்வளவு ரோஷம் கெட்டதா?”

பருப்புக்கீரைத் தொட்டியை விற்றபோது நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னதும், பதிலுக்குத் தான் கேட்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அதன் பிறகு வாரம் தவறாமல் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு அவர் முன் வந்து நின்றாள். இன்று தொட்டியையே தூக்கி வந்துவிட்டாள். கீரை துவண்டு கிடந்தது.

“வாங்க மேடம். இந்த வாரம் என்ன வியாதி?”

“தெரியலையே. திடீர்னு வாடிப் போச்சு.”

அவர் ஒரு தண்டை நசுக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“வெயில்லயும் சாகாத செடி இது. உண்மையைச் சொல்லுங்க, வெந்நீர்தானே ஊத்தினீங்க?”

அவள் தலை குனிந்தாள். “இங்க வர்றதுக்கு வேற சாக்கு கிடைக்கலை.”

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் நகரும்வரை அவர் வாடிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “சின்னவ இன்னும் அப்பா எங்கேன்னு கேட்டு அழுறாளா?”

அவள் கண் கலங்கியது. இத்தனை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“கோவத்துல உங்களை வெளியே போங்கன்னு சொன்னது நான்தான். அதுக்காக இங்கேயே வேர் விட்டுடாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க.”