உங்க இஷ்டமுங்க, சம்பந்தி

வரைபடத்தில் மியூனிக் மேல் ஒட்டியிருந்த பொட்டை எடுத்துவிடலாமா என்று, விரல் நுனியை அதன் விளிம்பில் வைத்தாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஐரோப்பா விரிந்து கிடந்தது. போகப்போகிற ஊர்களின் மேலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம், வெனிஸ், வியன்னா, பிராக். கடைசியில் மியூனிக். மகனும் மருமகள் மிதுனாவும் குடியிருந்த ஊர்.

போன மாதம் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. மகன் அங்கேயே இருக்கிறான். மிதுனா ஹாம்பர்க்கில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

விமான டிக்கெட் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு அம்மாக்களுக்கும் அடுத்தடுத்த இருக்கை.

அதைப் பற்றி இருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை.

வசந்தமணி உள்ளே வந்தாள். மிதுனாவின் அம்மா. ஐந்து வருடமாகச் சம்பந்தி. இப்போது என்ன என்று தெரியவில்லை.

"வாங்க சம்..." என்று ஆரம்பித்தவள், "வாங்க" என்று முடித்துக்கொண்டாள்.

வசந்தமணி உட்கார்ந்து, ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். கல்யாணத்தில் மருமகளுக்கு இவள் போட்ட வளையல்கள்.

"பாத்துக்குங்க."

அவள் பார்க்கவில்லை. பையை ஓரமாக நகர்த்தினாள். அது ஸ்பெயினை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

வந்த வேலை முடிந்தது. இனி வசந்தமணி எழுந்து போய்விடுவாள். போகிற போக்கில், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள் என்பாள்.

அதுதான் பயம்.

கல் கட்டடம் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா என்று கணவர் முன்பே கழன்றுகொண்டார். சிநேகிதிகளோடு போனால் ஊருக்கு ஒரு சண்டை வரும். வசந்தமணி அப்படியில்லை. துணிக்கடையோ, கோயிலோ, கொடைக்கானலோ, எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"உங்க இஷ்டமுங்க, சம்பந்தி."

இப்படி ஒத்துப்போகிற மனுஷி யாருக்குக் கிடைப்பாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

வசந்தமணி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறோமுங்களா?"

"நீங்க வர்றீங்களா?"

"அவங்களுக்காகவா டிக்கெட் எடுத்தோம்? நமக்குத்தானுங்களே."

அவளுக்கு மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தாள்.

"கடைசி வாரம் நான் அவன்கிட்டப் போயிர்றேன். நீங்க மிதுனாகிட்டப் போயிருங்க. அதுக்கு முன்னாடி இருக்கற ஏழு ஊரும் அப்படியே இருக்கட்டும். சரிதானுங்களே?"

வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வேண்டாமுங்க."

வசந்தமணி குனிந்தாள். நகத்தால் கிளப்பி, பிரஸ்ஸல்ஸ் பொட்டை உரித்தாள். கண்ணாடியில் ஒட்டுவதுபோல அதைக் காபி டம்ளரில் ஒட்டினாள்.

அடுத்து ஆம்ஸ்டர்டாம்.

அடுத்து ரோம்.

"ரோமுமா?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா பொட்டி கட்டி, ரயிலுக்கு ஓடி... எனக்கு முட்டி வலிங்க. கொடைக்கானல்ல ராத்திரியெல்லாம் தைலம் போட்டுக்கிட்டுத்தான் படுத்தேன்."

"சொல்லவே இல்லீங்களே."

"பொண்ணக் குடுத்தவ. சம்பந்தியம்மா வாங்கன்னா, நடக்க மாட்டேன்னு சொல்ல முடியுங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

"வெனிஸ்ல அஞ்சு நாள் வேணும். அதுல ஒரு நாள் எங்கியும் போகக் கூடாது. தண்ணியோரமா சும்மா உக்காந்திருக்கோணும்."

"சும்மாவா?"

"சும்மாத்தான். நீங்க வேணும்னா கோபுரம் ஏறிட்டு வாங்க."

பிராக் மேல் விரலை வைத்தாள். அதை உரிக்கவில்லை.

"இது கடைசியா இருக்கட்டும். இங்கிருந்து நீங்க தெக்கால போயிருங்க. நான் வடக்கால போயிக்கறேன். அதனால இங்கியும் ரெண்டு நாள் கூடப் போடுங்க."

அவள் தலையசைத்தாள்.

வரைபடத்தில் இப்போது நிறைய இடம் இருந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே மலைகள் தெரிந்தன. ஆறுகள் தெரிந்தன.

அவளுக்கு வேறு என்னென்னவோ நினைவுக்கு வந்தது.

முகூர்த்த நாள் குறித்தது. மண்டபம் பேசியது. மிதுனா இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உடனே ஜெர்மனிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று, இதே மேஜையில் உட்கார்ந்து இவள் சொன்னது.

எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான் வந்தது.

"காபி ஆறுதுங்க" என்றாள்.

வசந்தமணி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சக்கரை ஜாஸ்திங்க."

"இன்னைக்கா?"

"எப்பவுமே."

ஐந்து வருடக் காபி. ஒவ்வொரு தடவையும் அடி வரைக்கும் குடித்துவிட்டு, கழுவியும் வைத்துவிட்டுப் போனவள்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டம்ளரில் மூன்று பொட்டுகள் சிவப்பாக ஒட்டியிருந்தன. வேறு டம்ளரில் டிகாக்‌ஷனை ஊற்றினாள். பாலைக் காய்ச்சிக் கலந்தாள். சர்க்கரை டப்பா பக்கம் கை தானாகப் போனது. பாதியில் நிறுத்தினாள்.

திரும்பி வந்து காபியை வைத்தாள்.

வசந்தமணி குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற என்னங்க மாத்தோணும்?"

வசந்தமணி வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "நெறைய இருக்குது."