கம்பத்துக்கு உள்ளே

இப்போதெல்லாம் எவனும் தன் கண்ணை நம்புவதில்லை. காமிரா சொன்னால்தான் நம்புகிறான். நான் காமிராவையும் நம்புவதில்லை, அவனையும் நம்புவதில்லை.

அன்று மூடுபனி இறங்கியதில் காமிராவுக்குப் பால் ஊற்றின மாதிரி வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. அதனால் பந்தய அதிகாரிகள் என்னிடம் வந்தார்கள்.

பனிச்சறுக்குப் பந்தயத்தில் செங்குத்தான திருப்பத்தில் நட்ட நாலு கம்பங்களுக்கு நான்தான் காவல். யாராவது கம்பத்தைச் சுற்றாமல் விட்டால், ஸ்கீப் பலகை போன தடத்தை அட்டையில் வரைந்து கொடுக்க வேண்டும். பள்ளியில் எனக்கு எழுத்து ஏறவில்லை. தடம் வரைய வரும்.

முதல் ஓட்டத்தில் முந்தி வரும் முப்பது பேருக்குத்தான் அடுத்த ஓட்டம். முப்பதாவதாக வந்தவள் ஸ்லோவேனியாக்காரி நேஷா. என் கம்பத்தில்தான் தடுமாறினாள்.

முப்பத்தொன்றாவது எங்கள் ஊர் பூர்கி. முழங்காலில் இரண்டு அறுவை முடிந்து திரும்பியவள். இந்த உலகக் கோப்பைப் பருவத்தில் அவளுக்கு இது கடைசிப் பந்தயம். இன்று இரண்டாம் ஓட்டம் இல்லையென்றால் அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நேஷா தவறினாள் என்று நான் சொன்னால் அந்த இடம் பூர்கிக்கு.

பக்கத்துக் கம்பங்களைப் பார்க்கிற கெப்ஹார்ட் என் காதருகே வந்தான்.

"யோவ் வெண்டலின், ஒரு கோடு இழுத்து விடுய்யா. இந்தப் பனியில எவன் பார்த்தான்?"

நான் பார்த்தேன். கம்பத்துக்கு நாலு விரல் உள்ளே, இரண்டு ஸ்கீயின் நுனியும் சரியாகவே சுற்றிப் போயின.

அதைச் சொல்லி, அட்டையை வெறுமையாகவே அதிகாரியிடம் கொடுத்தேன். கெப்ஹார்ட் பனியில் துப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனான்.

இடைவேளையில் கீழே இறங்கினேன். வேலியோரம் பூர்கி பனியில் உட்கார்ந்து பூட்ஸ் கொக்கிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஃபிளாஸ்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடமே நீட்டினாள்.

"நீ பொய் சொல்லி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்திருந்தா, நான் ரெண்டாம் ஓட்டத்துல இறங்கியே இருக்க மாட்டேன்."

நான் நம்பவில்லை.

குளிரில் அவளுக்கு முழங்கால் குத்தும். என் கோட்டைக் கழற்றி இரண்டு கால்மேலும் போர்த்திவிட்டு, இரண்டாம் ஓட்டத்துக்கு மறுபடி என் கம்பத்தை நோக்கி மேடேறினேன்.

யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். இவளும்தான்.