தூங்கும் உள்ளான்

அது இன்னும் தலையைத் தூக்கவில்லை.

தொலைநோக்கி ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் மெல்ல மூச்சை விட்டான். வாடைக்காற்றில் ஸ்கோப்பின் முக்காலி நடுங்கியது. ஒரு கையால் அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உப்புப் பாத்தியின் ஓரத்தில் இருநூறுக்கு மேல் நின்றன. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவைகள். எல்லாம் ஒற்றைக்காலில். எல்லாம் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியபடி.

கொசு உள்ளான்கள். குளிர்காலக் கணக்கெடுப்பில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காதவை.

கடைசியிலிருந்து மூன்றாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. தலை கொஞ்சம் பெரிது. நெற்றி கொஞ்சம் வெளுப்பு.

கரண்டிமூக்கு உள்ளானாக இருக்கலாம். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அலகின் நுனி கரண்டிபோல் விரிந்திருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

அலகு சிறகுக்குள் இருந்தது.

சென்ற ஜனவரியில் இதே பாத்தியில் அவன் மனைவி ஜெனோவா அப்படி ஒன்றைப் பார்த்தாள். காரில் இருந்த அவனை இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். இறங்கி வருவதற்குள் கூட்டம் பறந்துவிட்டது.

"மூக்குல சேறு ஒட்டியிருக்கும்."

கணக்கெடுக்க வந்த எல்லோர் முன்னாலும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பெடுக்கும் ரெமிஜியுஸ் அண்ணன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அவள் காரின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூனில் ஏழு நாள் காய்ச்சல். எட்டாம் நாள் அவள் இல்லை. கணக்கெடுப்புப் பட்டியலில் மட்டும் அவள் பெயரும் பறவையின் பெயரும் நிற்கின்றன. பக்கத்தில்: படம் இல்லை, பார்த்தவர் ஒருவர், உறுதி செய்யப்படவில்லை.

"இந்த வருசமும் ஒண்ணு வந்திருக்குன்னா, போன வருசத்ததயும் ஏத்துக்கிடத்தான் செய்யணும்," என்றார் பக்கத்தில் குந்தியிருந்த ரெமிஜியுஸ். குறிப்பேடு அவர் கையில்தான் இருந்தது. "பட்டியல் போடுதவங்களுக்கு நானே எழுதுதேன், தம்பி."

ஒன்பது மணிக்குக் கணக்கெடுப்பு முடியும். அதற்குமேல் பார்ப்பது எதுவும் சேராது.

எட்டு ஐம்பது.

அப்போதுதான் அந்தச் சத்தம். உப்பு ஏற்ற வரும் லாரி. மண்பாதையில் குலுங்கிக்கொண்டு நேராகப் பாத்தியை நோக்கி வந்தது.

கூட்டத்தின் அந்தப் பக்கத்துப் பறவைகள் மடக்கிய காலைக் கீழே ஊன்றின.

ரெமிஜியுஸ் எழுந்தார். "அதுதான்னா கையத் தூக்கு. நான் வந்து பாக்கணும்னு இல்ல. அங்கனயே எழுதிருவேன்."

தோளில் கிடந்த துண்டை வீசியபடி லாரியை நோக்கி ஓடினார். பேச்சைக் காற்று கொண்டுவந்தது.

"என்ன வே, நடுப் பாதையில நின்னு ஆடுதீரு?"

"எஞ்சினை அமத்தும்யா. ஒரு குருவி தூங்குது."

"உம்ம குருவி முழிக்க வரைக்கும் எம் மொதலாளி தூங்குவாரா?"

ஆனாலும் எஞ்சின் நின்றது.

அவன் எண்ண ஆரம்பித்தான். பறவைகளை அல்ல. நொடிகளை. நாற்பதோடு விட்டுவிட்டான்.

பறவை தலையைத் தூக்கியது.

அலகின் நுனி அகலமாக இருந்தது. கறுப்பாக, தட்டையாக.

முக்காலியைப் பிடித்திருந்த கை தானாக விடுபட்டு மேலே போனது.

பறவை இரண்டு எட்டு நடந்தது. தண்ணீரில் அலகை முக்கியது. உதறியது. மறுபடி முக்கியது.

வெளியே வந்த அலகு ஊசிபோல் நேராக இருந்தது.

சேறு.

சென்ற ஆண்டு அவன் சொன்னது இதைத்தான். பார்க்காமலே சொன்னது.

தூரத்தில் ரெமிஜியுஸ் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரும் கதவுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தான்.

கை தோளருகே நின்றது. இன்னும் ஒரு சாண் உயர்ந்தால் போதும். அவர் எழுதிவிடுவார். யாருக்கும் தெரியாது. அவள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அந்த வரி போய்விடும்.

பார்க்காததை எழுதுகிறவர்கள் மேல் அவளுக்கு இருந்த கோபம் அவனுக்குத் தெரியும்.

பார்க்க வராதவன் மேல் இருந்ததும்.

கையை இறக்கினான். தலையை இடமும் வலமும் அசைத்தான்.

ரெமிஜியுஸ் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு குறிப்பேட்டை மூடினார்.

ஒன்பது அடித்திருக்க வேண்டும். கார்ப் பக்கம் மற்றவர்கள் இட்லிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு முறை.

அவன் எழவில்லை.

ஸ்கோப்பை ஒரு நூல் அளவு திருப்பினான்.

அடுத்தது தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அலகும் சிறகுக்குள்தான் இருந்தது. முக்காலியின் காலை மறுபடி பிடித்துக்கொண்டான்.

"போவலாமா வே?" என்று டிரைவர் கேட்பது காற்றில் வந்தது.

ரெமிஜியுஸ் சொன்ன பதில் காதில் விழவில்லை.

எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை.