கோட்டுக்கு அந்தப் பக்கம்

இரண்டு மாநில எல்லையில் நின்ற பட்டறைக்கு நடுவே, எல்லையைக் காட்டும் மஞ்சள் கோடு ஓடியது. மேற்கு மாநிலப் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார் என்றதும், முதலாளி தகடு வெட்டும் இயந்திரத்தைக் கிழக்குப் பக்கம் தள்ளச் சொன்னார். விரல் போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டே அதில் வேலை செய்யும் ஆபரேட்டரே தள்ளினான்.

"பாதுகாப்பு மூடி எங்க?" என்று கேட்டார் ஆய்வாளர் அம்மா.

"நான்தான் கழட்டினேன் மேடம். மூடி இருந்தா வேலை ஆமையா நகருது." முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ஆனா அது அடுத்த மாநிலம். உங்க அதிகாரம் கோட்டோட சரி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா!"

அதை எழுதி முடித்த ஆய்வாளர், கோட்டைத் தாண்டிப் போய் இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்.

"மேடம், அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"ரெண்டு அரசும் பேசி ஒரே விதின்னு முடிவு பண்ணியாச்சு. இன்னிலேருந்து ரெண்டு பக்கத்துக்கும் நான்தான் ஆய்வாளர்."

ஆபரேட்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் நடித்துப் பார்த்தான்; மறைக்க முடியவில்லை.