பெயர் சொல்லாத முகம்

புதுக் கண்ணாடி போட்டதும் அம்மாவுக்கு வீட்டில் யாரையும் தெரியவில்லை. பழைய கண்ணாடி உடைந்தபோது அதில் நான் பதிந்து வைத்திருந்த பெயர்களும் போய்விட்டன. ஒருவரைப் பார்த்து அவர் பெயரை அம்மாவே சொன்னால்தான் புதியது முகத்தைக் காட்டும். அதுவரை முகம் இருக்கும் இடத்தில் அவரைப் பற்றி ஒரு வரி மட்டும் ஓடும்.

என் பெயரை அம்மா உடனே சொல்லிவிட்டாள். அப்பாவின் பெயர்தான் வாயில் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதை அவள் சொன்னதே இல்லை.

"ஒரு தடவை சொல்லேன், செண்பகம். நானும் கேட்டுக்கிடுறேன்" என்றார் அப்பா.

"போங்க அங்கிட்டு. பிள்ளை இருக்கா."

"அப்ப காலம்பூரா யாரோ ஒருத்தனுக்கா சோறு போடப் போற?"

அம்மா சிரித்துக்கொண்டே பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து அப்பா எழுந்தபோது, ஓடிய வரியை வாய்விட்டு வாசித்தாள்.

"நரைத்த மனிதர். இடது காலை ஊன்றத் தயங்குகிறார்."

அவள் சிரிப்பு நின்றது. "காலுல என்னங்க?"

"தீவாளியிலேர்ந்து லேசா வலி."

"தீவாளியிலேர்ந்தா! தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அவரை உட்காரவைத்து, காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்தாள். அப்பா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பவாவது பேரைச் சொல்லு."

"இருங்க. இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்கன்னு வாசிச்சுட்டுச் சொல்றேன்."